நம்ம வூட்டுப் புகை

திருவண்ணாமலையில் நாங்கள் முதன்முதலாகக் குடித்தனம் வைத்த வீட்டைக் காட்டச் சொன்னால் இப்போது ஒரு லாட்ஜைத்தான் காட்ட முடியும். தேரடி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், வாசலில் கண்ணாடிக் கதவு போட்டு, பௌர்ணமிக்கு ரூம் இல்லை என்று முன்கூட்டியே அட்டை தொங்கவிடுகிற லாட்ஜ். எங்கள் கூடம் இருந்த இடத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உறவுக்காரர்களுக்கு ரூம் கேட்க உள்ளே போனவள், கேட்க வந்ததை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சுவரோடு நாங்கள் மல்லுக்கட்டியது இவர்களுக்கு என்ன தெரியும்?

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தது. வேலூர் கலெக்டர் ஆபீசிலிருந்து பீரோ, பைல், மேஜை, நாற்காலி எல்லாம் லாரி ஏறி வந்தன. டைப்பிஸ்டாக இருந்த நானும் வந்தேன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை ஆபீஸ்காரர்களும் வீடு தேடினால் என்ன ஆகும்? அதுவரை மாட்டுக்குத் தீவனம் போட்டு வைத்திருந்த அறைக்கெல்லாம் வாடகை கேட்டார்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போனால் வெள்ளைக்காரர்களுக்குத்தான் தருவோம் என்று கையை விரித்தார்கள். நான் அப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். வீடு பிடிக்கிற வேலை என் கணவர் தலையில் விழுந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு வந்து, கட்டிலில் படுத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து வீடு கிடைத்துவிட்டது என்றார். மெத்தை வீடு, பெரிய கூடம், பின்னால் கிணறு, மாடி ஏறினால் நேரெதிரே மலை. உன் ஆபீசுக்கு நடந்தே போகலாம், மதியம் ஓடி வந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"செவுருதான் கொஞ்சம் கறுப்பா இருக்கு. அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. நான் பாத்துக்கறேன்."

கொஞ்சம் என்ற வார்த்தையை என் கணவர் எப்போது பயன்படுத்தினாலும் நான் பயப்படுவது அன்றிலிருந்துதான்.

அந்தக் கூடத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சமையல்காரர்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொத்தமாகச் சமையல் எடுத்துச் செய்கிற ஆட்கள். அண்டா குண்டான் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருப்பார்களாம். மழைக்காலத்தில் வெளியே அடுப்பு மூட்ட முடியாவிட்டால் கூடத்திலேயே செங்கல்லை வைத்து, சவுக்குக் கட்டையைத் திணித்துச் சமைப்பார்களாம். தீபத் திருவிழா பத்து நாளும் ராவும் பகலும் எண்ணெய்ச் சட்டி இறங்காதாம். வீட்டுக்காரம்மா பின்கட்டில் தனியாக இருந்தார். கணவர் இல்லை, மகள்கள் பெங்களூரில். "அவனுங்க போட்ட போண்டா நாத்தத்துல எனக்கு இத்தினி வருசமா சரியா பசியே எடுக்கல சார்" என்று சொல்லித்தான் வீட்டைக் காட்டினாராம். வெள்ளையடித்துக்கொள்வது உங்கள் பாடு, என்னைக் கேட்காதீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

பையன் பிறந்தான். பெயர் வைத்த மறுவாரம் என் அப்பா, மாப்பிள்ளை பிடித்த வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் பயிர் வைக்கிற மனிதர். சேற்றில் இறங்கினாலும் வெளியூர் போகும்போது வெள்ளையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக்கூடாது. மதியம் திரும்பி வந்தவர் துண்டை உதறி வாசலில் விரித்துப் போட்டார். ஒரு முழத்துக்குக் கரி அப்பியிருந்தது.

"செவுத்துல சாஞ்சேன். அவ்ளோதான்" என்றார். "மாப்பிள்ள புடிச்சிருக்கறது வூடு இல்லம்மா, செங்கல் சூளை. கொழந்த அங்க வராது. லீவு முடிஞ்சா நீ போ, வேலையப் பாரு. கொழந்த இங்கயே இருக்கட்டும். வாராவாரம் வந்து பாத்துட்டுப் போ."

நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "இன்னா நைனா பேசறீங்க?" என்றேன். பிள்ளைக்கு அப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்க வந்திருந்தது. பசித்தால் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அழுவான். அவனை விட்டுவிட்டு வாரம் ஒரு நாள் விருந்தாளி மாதிரி வந்து பார்ப்பதா?

தினமும் பஸ்ஸில் போய் வந்தால் என்ன என்று அம்மா கேட்டாள். புது மாவட்டம் அது. விளக்கு வைத்த பிறகும் டைப் அடித்தால்தான் மறுநாள் மேஜையில் இடம் இருக்கும். அதற்கப்புறம் பஸ் பிடித்து வந்தால் தூங்குகிற முகத்தைத்தான் பார்க்க முடியும். தூங்குகிற முகத்தைப் பார்க்கவா பெற்றேன்? அதோடு, மாமனார் வீட்டில் வந்து தங்க என் கணவர் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டார். எங்கள் திட்டம் வேறு. திருவண்ணாமலை வீட்டில் நான், கணவர், குழந்தை, குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள அம்மா. அம்மா கூட வருவாள் என்பது பேசாமலே முடிவான விஷயம். எந்த வீட்டிலும் அப்படித்தானே.

அப்பா இறங்கி வரவில்லை. புகை படிந்த சுவர் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, மார்ச்சளி பிடிக்கும் என்று ஒரே பிடி. இதில் எனக்கு எரிச்சல் எங்கே வந்தது தெரியுமா? எங்கள் வீட்டு அடுப்பங்கரையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மல்லாட்டைச் செடியும் துவரை மிளாறும் எரிந்து எரிந்து, நான் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தச் சுவர் கறுத்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அம்மா தூபக்காலில் நெருப்பள்ளி வைத்துச் சாம்பிராணி போடுவாள். கூடம் முழுவதும் ஆள் தெரியாது. அந்தப் புகையில் பிள்ளையின் தலையைக் காட்டி ஆட்டிக்கொண்டே இருப்பது யார்? அப்பாதான். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"இது மட்டும் இன்னா நைனா? பன்னீரா?"

அவர் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "அது எவனோ வூட்டுப் புகை. இது நம்ம வூட்டுப் புகை."

இதற்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மாமனார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கணவரிடம் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுங்கள் என்றால், "நானே டிராயிங் மாஸ்டர். என் வூட்டு செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்க இன்னொருத்தன் வரணுமா? ஸ்கூல்ல சிரிப்பாங்க" என்றார். மனிதர் வாட்டர் கலரில் மாம்பழம் வரைவதில் கெட்டிக்காரர்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அப்போது எனக்கும் தோன்றவில்லை.

ஒட்டடைக் குச்சியால் மேலாகத் தட்டிவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, நீலம் கலந்து, மட்டையால் இரண்டு கை அடித்தார். அடித்த அன்றைக்கு, கண் கூசுகிற மாதிரி இருந்ததாம். சந்தோஷமாக வந்து சொன்னார். மூக்குக் கண்ணாடியில் சுண்ணாம்புப் புள்ளி, விரல் நுனியெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. அந்த விரல்களைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. சுவர் பூராவும் டீயைக் கொட்டின மாதிரி பழுப்பு பழுப்பாக மேலே வந்துவிட்டது. ஐப்பசி மழையில் காயவில்லை, அதனால்தான் என்றார். மூன்றாவது கை அடித்தார். வீட்டுக்காரம்மா கஞ்சித் தண்ணீர் கலந்தால் பிடிக்கும் என்றாராம், அதையும் கலந்து நான்காவது கை. பழுப்பு வந்தது. கஞ்சி கலந்ததால் எறும்பும் வந்தது.

"அது செவுரு இல்ல சார், சமையக்காரன் ஜாதகம். நீங்க எத்தினி வாட்டி வெள்ளையடிச்சாலும் மேல வந்துனேதான் இருக்கும்" என்று அந்த அம்மா சிரித்ததை வந்து சொல்லிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என் கணவர்.

இதற்குள் கார்த்திகை பிறந்து தீபமும் வந்துவிட்டது. தீபத்தன்று மாலை, களத்து மேட்டில் நின்றுகொண்டு அப்பா பிள்ளையைத் தோளில் சாய்த்து வைத்து, தூரத்தில் மலையுச்சியைக் காட்டினார். சுடர் ஏறியதும் ஊர் முழுவதும் அரோகரா என்று ஒரே சத்தம். அப்பா சத்தம் போடவில்லை. பிள்ளை பயந்துவிடுவானோ என்று அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் வாசலில் அகல் விளக்குகளை ஏற்றிக்கொண்டே, லீவு முடிய இன்னும் எத்தனை நாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே முடிவெடுத்தேன். இந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் நம்பினால் காரியம் ஆகாது. பச்சை உடம்போடு பஸ் ஏறாதே என்று அம்மா கத்தினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து அவள் மடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ் பாதி தூரம் போவதற்குள் எனக்குப் பால் கட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது. ரவிக்கை நனைந்து, அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். வாராவாரம் வந்து போ என்றாரே அப்பா, வாரம் பூராவும் இந்த வலியை என்ன செய்வேன் என்று அழுகை வந்தது.

வீட்டை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். மாடியும் கிணறும் மலையும் அவர் சொன்னபடியே இருந்தன. கூடத்துக்குள் நுழைந்ததும், சிரங்கு பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்த சுவர். ஒரு இடத்தில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி, அடியில் இருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். விரல் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் பலகாரம் சுட்ட எண்ணெய் வாடை.

"என்னங்க, இது வெறும் கரி இல்ல. எண்ணெய்ப் பிசுக்கு. இந்தச் செவுர யாராவது கழுவுனீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "செவுர யாராவது கழுவுவாங்களா?"

அதுதான் விஷயம். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல், இருக்கிற சுவர் மேல் இன்னொரு கை அடிப்பதுதான் பழக்கம். தாத்தா காலத்துச் சுண்ணாம்பு மேல் அப்பா காலத்துச் சுண்ணாம்பு. அழுக்குச் சுவரை முதலில் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் எண்ணெய் வைத்த வாணலியை வெந்நீர் ஊற்றித் தேய்க்காமல் எந்தப் பெண்பிள்ளையாவது எடுத்து வைப்பாளா? சுவரை ஒரு பெரிய வாணலி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கிணற்றடியில் அண்டாவை ஏற்றி வெந்நீர் போட்டோம். மழையில் நனைந்த விறகு, அதிலும் ஒரே புகை. "போச்சுடா, இவுங்களும் ஆரம்பிச்சிட்டாங்க" என்று வீட்டுக்காரம்மா பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்து, "நீ பச்ச உடம்புக்காரி, வாயால மட்டும் வேல செய்" என்றார். வாயால் வேலை செய்வது எனக்குச் சிரமமா? தோசைத் திருப்பியால் என் கணவர் சுண்ணாம்பைச் சுரண்ட, வெந்நீரில் சலவை சோடா கரைத்துத் தேங்காய் நாரால் வீட்டுக்காரம்மா தேய்க்க, டிகாக்ஷன் மாதிரி தண்ணீர் சுவரில் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு வாளி கறுப்புத் தண்ணீரும் வெளியே போகும்போது என் பிள்ளை ஒரு அடி பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

நான் மதிய பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மிச்சத்தை அவர்கள் இரண்டு பேரும் பல நாள் தேய்த்தார்கள். சுவர் காய்ந்த பிறகு, கடையில் கேட்டு ஒரு கை பிரைமர், அதன் மேல் இரண்டு கை டிஸ்டம்பர். வெள்ளை வேண்டாம், சந்தனக் கலர் அடிக்கலாம் என்று சொன்னது என் கணவர். அந்த ஒரு விஷயத்தில் டிராயிங் மாஸ்டர் டிராயிங் மாஸ்டர்தான். காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்தால் கூடம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். இன்றைக்கும் எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த நிறத்தைத்தான் தேடுகிறேன். மேலே உத்தரக் கட்டைகள் மட்டும் கடைசி வரை கறுப்பாகவே இருந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தால்தானே என்று விட்டுவிட்டோம்.

லீவு முடிகிற வாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பிள்ளையோடு போனோம். அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டி, சுவரில் வைத்து அழுத்தி ஒரு இழு இழுத்தார். வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது.

"வருதே" என்றார்.

"அது பெயிண்ட் மாமா. புது டிஸ்டம்பர் அப்படித்தான் ஒட்டும். புகை கறுப்பா இருக்கும்" என்றார் என் கணவர், வகுப்பில் நிறம் சொல்லிக் கொடுக்கிற குரலில்.

அப்பா இன்னொரு சுவரில் இழுத்துப் பார்த்தார். மூலையில் இழுத்துப் பார்த்தார். முழங்காலை மடித்து உட்கார்ந்து கீழேயும் இழுத்தார். கரி இல்லை. அப்புறம் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து உப்பு ஜாஸ்தி என்றார். சந்தில் காற்று கம்மி என்றார். மாடி மதிலில் உட்கார்ந்திருந்த குரங்கைக் காட்டி, "அது கொழந்தய தூக்கினு போயிட்டா இன்னா பண்ணுவீங்க? பொங்கல் வரைக்கும் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "நைனா, செவுரு சொன்னீங்க, செவுர கழுவிட்டோம். இப்ப கொரங்கு. நாளைக்கு மலை சாஞ்சிடும்னு சொல்லுவீங்க. அவன் எனக்குப் பொறந்த புள்ள. எங்கூடத்தான் இருப்பான்" என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் அப்பாவை எதிர்த்து அத்தனை சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வேன் வைத்துக்கொண்டு சாமான்களை ஏற்றினோம். தொட்டில், மெத்தை, அரிசி மூட்டை, அம்மாவின் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் அப்பாவே தூக்கி வைத்தார். அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறும்போது, "மொளகாத்தூள் எங்க வெச்சிருக்க?" என்று அப்பா கேட்டார். "அலமாரில, மேல் தட்டுல" என்றாள் அம்மா. வேன் கிளம்பிவிட்டது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோஷம் எனக்கு.

அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு குளிர்கிறது. மதிய மணி அடித்ததும் டைப்ரைட்டரை மூடிவிட்டு ஓடி வருவேன். மார்கழி வெயில், சந்து முழுக்கக் கோலம், கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம். அம்மா பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, எங்கள் சந்தனச் சுவர் ஓரமாகத் தூபக்காலை வைத்துச் சாம்பிராணி போட்டிருப்பாள். "அத்தை, செவுரு!" என்று சாப்பாட்டுக்கு வந்திருக்கிற என் கணவர் பதறுவார். "போங்க மாப்பிள்ள, இது நம்ம வூட்டுப் புகை" என்பாள். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். தூக்கில் கறந்த பால், பையில் பச்சை மல்லாட்டை. பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டவர் வெகுநேரம் கொடுக்கவேயில்லை. கண் இரண்டும் சிவந்து, இமை தடித்திருந்தது.

"கண்ணு ஏன் நைனா இப்படி செவந்திருக்கு?"

"அடுப்புப் புகைம்மா. ஈர வெறகு."

"நம்ம வூட்டுப் புகை உங்களையே பதம் பாத்துடுச்சா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று.

அதற்கடுத்த ஞாயிறு எனக்கு வீட்டில் வேலை இல்லை. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் உன் மிச்சப் புடவையெல்லாம் எடுத்துக்கொண்டு வா என்று அம்மாவை ஊருக்கு அனுப்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அடுப்புல நான் போட்டுட்டு வந்த கோலம் அப்படியே இருக்குதுடி" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வெளியூர் கிளம்பினால் அடுப்பைச் சாணியால் மெழுகி, அதன் மேல் மாக்கோலம் போட்டுவிட்டுப் போவது அம்மாவின் வழக்கம். வேன் ஏறிய அன்றும் அப்படித்தான் செய்துவிட்டு வந்திருக்கிறாள். நெருப்பு மூட்டியிருந்தால் அந்தக் கோலம் கருகியிருக்க வேண்டும்.

"ஒரு இழை கலையல. ரெண்டு வாரமா அவரு அடுப்பே பத்த வெக்கல. பஸ் ஸ்டாண்டாண்ட கடையில இட்லி வாங்கித் துன்னுட்டு, கதவத் தெறக்காம வாசல்லயே படுத்துனு இருந்திருக்காரு. பக்கத்து வூட்டுக்காரி சொன்னா."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈர விறகு என்றாரே. நாங்கள் எல்லோரும் சிரித்தோமே.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டே, தனக்குத் தானே கேட்பது போலக் கேட்டாள்: "கொழந்தய கூட்டினு போறதுக்கு இத்தினி நாளா சண்ட போட்டோம். கூட நானும் போறேன்னு ஒருத்தராவது அவராண்ட சொன்னமா? நானே கூட கேக்கல பாரு. இன்னா பண்ணுவீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

நீ ஊருக்குப் போ அம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. மறுநாள் திங்கட்கிழமை, எனக்கு ஆபீஸ் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே இருப்பதைப் பார்த்துவிட்டு, அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, பிள்ளைக்குப் பால் காய்ச்ச உள்ளே போனாள்.